1957 பெல் ஏர்: பழைய மேனுவல் எண்களில் எவற்றை இன்றும் அப்படியே பின்பற்றலாம்?

நார்வுட்57 எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஓஹையோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறேன். 1957 ஷெவர்லே பெல் ஏர் ஒன்று வாங்கியிருக்கிறேன். நான்கு கதவு செடான், 283 கன அங்குல வி8, இரண்டு பேரல் கார்புரேட்டர், இரண்டு வேகப் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர். கதவுத் தூணில் உள்ள தகட்டில் எண் விசி57என் என்று தொடங்குகிறது. வி என்றால் வி8, சி என்றால் பெல் ஏர், என் என்றால் நார்வுட் ஆலை. சின்சினாட்டியை ஒட்டியிருந்த ஆலை அது. அங்கே பிறந்த வண்டி இதே மாநிலத்தில் இன்னும் ஓடுவதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இரண்டு தொந்தரவுகள் இருக்கின்றன. மேட்டில் ஏறும்போது நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல்) சத்தம் கேட்கிறது. நன்றாக ஓடிச் சூடான பிறகு பெட்ரோல் பங்கில் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆவதற்குள் பேட்டரி களைத்துவிடுகிறது. ஸ்டார்ட்டர் திக்கித் திக்கிச் சுற்றுகிறது. ஸ்பார்க் எப்போது விழுகிறது என்று காட்டும் டைமிங் லைட் வைத்துப் பார்த்தேன். மேனுவல் சொல்லும் 4 டிகிரியில்தான் (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்) குறி நிற்கிறது.

ஷெவர்லேயின் ஷாப் மேனுவல் கையில் இருக்கிறது. டயருக்கு 24 பவுண்டு, இன்ஜினுக்கு எஸ்ஏஇ 20 ஆயில் என்று போட்டிருக்கிறான். இந்த எண்களையெல்லாம் இன்றைக்கு அப்படியே பின்பற்றலாமா? எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாயிண்ட்_காண்டென்சர் எழுதியது:

வாழ்த்துகள். நல்ல வண்டி, நல்ல கேள்வி.

முதலில் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1957க்கென்று வந்தது முழு மேனுவல் கிடையாது. முழுப் புத்தகம் 1955ல் வந்தது. 1956லும் 1957லும் மாறியவற்றுக்கு மட்டும் துணைப் புத்தகம் போட்டார்கள். பிரேக் பகுதியில் ஏதோ விட்டுப்போனது போலத் தெரிந்தால் அது 1955 புத்தகத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் 1955 புத்தகத்தின் இன்ஜின் பகுதி 265 கன அங்குலத்துக்கானது. அந்த முதல் வருட 265ல் பிளாக்கோடு சேர்ந்த ஆயில் ஃபில்டரே இல்லை, 1956ல்தான் வந்தது. அதனால் ஆயில் அளவு போன்றவற்றை அங்கிருந்து எடுக்காதீர்கள். உங்கள் 283க்கு 4 குவார்ட், ஃபில்டர் மாற்றினால் 5.

இதோடு ஜிஎம் ஹெரிடேஜ் சென்டர் இலவசமாகத் தரும் வாகனத் தகவல் தொகுப்பையும் இறக்கிக்கொள்ளுங்கள். அக்காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் உற்பத்தியாளர் சங்கத்துக்கு நிரப்பித் தந்த விவரப் படிவம் அந்தத் தொகுப்பில் இருக்கும். போர், ஸ்ட்ரோக், கம்ப்ரஷன், பின் ஆக்ஸில் விகிதம் என்று எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

இனி உங்கள் கேள்வி. என் கருத்தில் மேனுவலின் எண்கள் இரண்டு சாதி. இரும்பைப் பற்றிச் சொல்பவை இன்றும் அப்படியே உண்மை: பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகக் காயிலின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இடைவெளி, ட்வெல் (அது மூடியிருக்கும் அளவு), பிளக் இடைவெளி 0.035 அங்குலம், ஹெட் போல்ட்டுக்கு 60 முதல் 70 அடி-பவுண்டு, கனெக்டிங் ராடுக்கு 30 முதல் 35, ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. இரும்பு மாறவில்லை, எண்ணும் மாறாது. கடையில் வாங்கி ஊற்றுவதும் மாட்டுவதும் பற்றிச் சொல்பவை வேறு. பெட்ரோல், ஆயில், டயர், கூலண்ட் எல்லாம் 1957ல் விற்ற பொருளை மனதில் வைத்து எழுதியவை. அந்தப் பொருள் இன்று கடையில் இல்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது உண்மையிலேயே 1957ன் இன்ஜின்தானா? தகடு உடம்பைப் பற்றித்தான் சொல்கிறது. ஃபயர்வால் பக்கம், பிளாக்கின் பின் விளிம்பில், ஓட்டுநர் பக்கத்து ஹெட்டுக்குப் பின்னால் வார்ப்பு எண் இருக்கும். டார்ச்சும் கம்பி பிரஷும் எடுத்துப் போய்த் துடைத்துப் படியுங்கள். 1957ன் 283 பிளாக் என்றால் 3731548 என்று இருக்க வேண்டும்.

ஆறு_சிலிண்டர் எழுதியது:

என்னிடம் இருப்பது 1953, 235 கன அங்குல ஆறு சிலிண்டர், கையால் கியர் போடும் வண்டி. மேலே சொன்னதற்கு என் வண்டியே சாட்சி. அந்த வருடம் பவர்கிளைடு வண்டிக்குக் கொடுத்த இன்ஜினில் பேரிங்குகளுக்கு அழுத்தத்தில் ஆயில் போகும். கை கியர் வண்டியின் இன்ஜினில் ராடின் அடியில் உள்ள கரண்டி ஆயிலை மொண்டு அடிக்கும் பழைய முறை. ஒரே வருடம், வெளியே ஒரே மாதிரி வண்டி, ஆயில் பிரஷர் மீட்டரில் எதிர்பார்க்க வேண்டிய எண் மட்டும் வேறு. எந்த இன்ஜின் என்று தெரியாமல் புத்தகத்தைப் பார்த்தால் வீணாகப் பயப்படுவோம், இல்லை வீணாக நிம்மதியாக இருப்போம்.

எரி_ஏரிக்கரை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். அறுபது, எழுபது வருடம் ஓடிய வண்டிக்குப் புது வண்டியின் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவது தேவையில்லை. சிலிண்டர் எத்தனை முறை போர் அடித்தார்களோ, கேம் ஷாஃப்ட் யாருடையதோ. இன்டேக்கில் வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். ஐடிலில் முள் ஆடாமல் 17 முதல் 21 அங்குலத்துக்குள் நின்றால் இன்ஜின் நலம். டிஸ்ட்ரிபியூட்டரை மெதுவாகத் திருப்பி முள் உச்சிக்குப் போகும் இடம் கண்டு, அங்கிருந்து ஓர் அங்குலம் இறங்கும்படி பின்னால் திருப்பி இறுக்குங்கள். பாயிண்டைக் கழற்றி எலெக்ட்ரானிக் செட் போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

வி8_ரசிகை எழுதியது:

வேக்குவம் கேஜ் நல்ல கருவி, எங்கள் கராஜிலும் எப்போதும் தொங்கும். வால்வு சரியாக மூடுகிறதா, கேஸ்கெட் கசிகிறதா என்று சொல்லிவிடும். ஆனால் டைமிங்கை அதை வைத்து மட்டும் வைத்தால் பெரும்பாலும் அட்வான்ஸ் (ஸ்பார்க் முன்கூட்டியே விழுவது) கூடிப்போகும். ஐடிலில் இன்ஜினுக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாலும் பிடிக்கும், முள் ஏறிக்கொண்டே போகும். மேட்டில் பாரம் விழும்போதுதான் நாக்கிங் வரும். இவருக்கு ஏற்கெனவே இருக்கும் தொந்தரவே அதுதானே?

பாயிண்டைக் கழற்றச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1957 வி8 டிஸ்ட்ரிபியூட்டர் அருமையான அமைப்பு. மூடியில் ஒரு சின்ன உலோக ஜன்னல் இருக்கும், மேலே தள்ளித் திறக்கலாம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1/8 அங்குல ஹெக்ஸ் சாவியை உள்ளே விட்டு ட்வெல்லைச் சரிசெய்யலாம். எட்டு சிலிண்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றில் 45 டிகிரி. அதில் 30 டிகிரி நேரம் பாயிண்ட் மூடியிருந்து காயிலுக்குள் மின்சாரம் ஏற வேண்டும், அதுதான் ட்வெல். மீட்டர் இல்லையென்றாலும் மேனுவலில் வழி இருக்கிறது. ஐடிலில் ஓடவிட்டு, திருகைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே போங்கள். இன்ஜின் தடுமாறத் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் அரைச் சுற்று திருப்பி விடுங்கள். 30க்கு மிக அருகில் வந்து நிற்கும்.

எப்போதும் ட்வெல் முதலில், டைமிங் அப்புறம். ட்வெல் கூடினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், டைமிங்கும் பின்னுக்குப் போகும். டைமிங்கை அழகாக வைத்துவிட்டு ட்வெல்லைத் தொட்டால் செய்த வேலை போச்சு. டைமிங் பார்க்கும்போது வேக்குவம் அட்வான்ஸ் குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும்.

பாயிண்ட் அடிக்கடி கருகுகிறதென்றால் ஃபயர்வாலில் உள்ள பேலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். ஷெவர்லே 1955ல் 12 வோல்ட்டுக்கு மாறியபோது வந்தது அது. ஸ்டார்ட் செய்யும்போது காயிலுக்கு முழு வோல்டேஜ், ஓடும்போது குறைத்து. யாராவது அதைச் சுற்றிக்கொண்டு வயர் போட்டிருந்தால் புதுப் பாயிண்ட்கூட நீடிக்காது.

நார்வுட்57 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிளாக்கின் பின்னால் துடைத்துப் படித்தேன். 3731548 இல்லை! வார்ப்புத் தேதி ஓர் ஆங்கில எழுத்து, ஒரு நாள், கடைசியில் 7 என்று இருக்கிறது. 7 என்றால் 1957தானே? எண்ணில் ஏன் வேறுபாடு?

பாயிண்ட்_காண்டென்சர் எழுதியது:

வருடத்துக்கு ஒரே இலக்கம் போட்டிருந்தால் 7 என்பது 1957 ஆகவும் இருக்கலாம், 1967 ஆகவும் இருக்கலாம். 283 இரண்டு வருடத்திலும் செய்யப்பட்டது, 1967தான் அதன் கடைசி வருடம்.

கண்ணால் பார்த்துத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. 1957 வரை ஷெவர்லே வி8ஐ வண்டியில் தாங்கியது பிளாக்கின் முன்முகத்தில் இரண்டு மவுண்ட், பின்னால் பெல் ஹவுசிங்கில் இரண்டு. பிளாக்கின் பக்கவாட்டில் மவுண்ட் போல்ட் போடும் மேடு 1958ல்தான் வந்தது. வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் பானுக்கு மேலே பிளாக்கின் இரு பக்கமும் பாருங்கள். மூன்று போல்ட் துளையோடு மேடு இருந்தால் அது 1957 பிளாக் இல்லை. முன்முகத்துத் துளைகளைப் பிற்கால பிளாக்குகளிலும் விட்டுவைத்தார்கள். அதனால் 1967 இன்ஜின் உங்கள் வண்டியில் எந்த வெல்டிங்கும் இல்லாமல் உட்கார்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் சந்தேகமே வராது.

நார்வுட்57 எழுதியது:

மேடு இருக்கிறது. இரண்டு பக்கமும். ஆக இது 1967. விற்றவர் ஒரிஜினல் இன்ஜின் என்று சொல்லித்தான் விலை பேசினார். மனசு கொஞ்சம் கனக்கிறது. சரி, வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது, ஓட்டத்தான் வாங்கினேன். இப்போது எண்கள் எவை மாறும்?

பாயிண்ட்_காண்டென்சர் எழுதியது:

பெரும்பாலானவை மாறாது, அதுதான் இந்த இன்ஜினின் அழகு. 1955 மாடலுக்காக ஷெவர்லேயின் தலைமைப் பொறியாளர் எட் கோல் தலைமையில் வடிவமைத்த அதே குடும்பம். போர் 3.875, ஸ்ட்ரோக் 3.00 அங்குலம், அதே ஃபயரிங் ஆர்டர், அதே ட்வெல், ஹெட் போல்ட்டுக்கும் அதே டார்க். ஹைட்ராலிக் லிஃப்டருக்கு இடைவெளி தீர்ந்த இடத்திலிருந்து ஒரு சுற்று இறுக்குவதும் அப்படியே.

முக்கியமாக மாறுவது கம்ப்ரஷன். 1957ன் இரண்டு பேரல் 283க்கு 8.5, குதிரைத்திறன் 185. 1967ல் 9.25, குதிரைத்திறன் 195. உள்ளே அந்தக் காலத்துப் பிஸ்டனும் ஹெட்டும் இருந்தால் 87 ஆக்டேன் பெட்ரோலில் ஓரத்தில்தான் நடக்கிறீர்கள். 89 போட்டுப் பாருங்கள். 1957 வண்டிதானே, சாதா பெட்ரோல் போதும் என்று நினைத்திருப்பீர்கள். இன்ஜினின் பிறந்த வருடம்தான் கணக்கு.

வி8_ரசிகை எழுதியது:

ஆக்டேன் ஒரு காரணம்தான். சூட்டில் ஸ்டார்ட்டர் திக்குவது எனக்கு வேறு சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஸ்பார்க் மிகவும் முன்னால் விழுந்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் எரிப்பு அதைக் கீழே தள்ளும். ஸ்டார்ட்டர் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மேட்டில் நாக்கிங், சூட்டில் திக்கல், இரண்டும் சேர்ந்தால் டைமிங் 4 டிகிரியில் இல்லை என்றே சொல்வேன், லைட் என்ன காட்டினாலும்.

முன்னால் உள்ள டேம்பரைப் பாருங்கள், கிராங்க் ஷாஃப்டின் நுனியில் அதிர்வைக் குறைக்க மாட்டிய சக்கரம் அது. நடுவில் ரப்பர் வளையம் வைத்த வகை என்றால், ரப்பர் காய்ந்து வெளி வளையம் இடம் நகர்ந்திருக்கலாம். குறி வெட்டியிருப்பது வெளி வளையத்தில்தான். அது நகர்ந்தால் லைட் பொய் சொல்லும். இன்ஜின் மாறிய வண்டிகளில் இன்னொன்றும் நடக்கும்: டேம்பர் ஓர் இன்ஜினுடையது, டைமிங் கவரில் உள்ள டிகிரித் தகடு வேறொன்றுடையது.

சோதிக்கும் முறை இதுதான். பேட்டரியைக் கழற்றுங்கள். எல்லாப் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கம் முன்னால் இருப்பது 1ஆம் சிலிண்டர், அதன் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் டேம்பரில் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். அது தகட்டின் பூஜ்யத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அப்படியே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் குழாயும் சேரும் இடத்தில் ஹீட் ரைசர் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிரில் கார்புரேட்டரின் அடியைச் சூடாக்க, எக்ஸாஸ்ட் காற்றை இன்டேக் வழியாகத் திருப்பிவிடும் தகடு அது. இன்ஜின் சூடானதும் தானாகத் திறக்க வேண்டும். துருப்பிடித்து மூடிய நிலையில் நின்றுவிட்டால் கோடையிலும் கார்புரேட்டருக்கு அடியில் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தியதும் உள்ளே பெட்ரோல் கொதித்து இன்டேக்கில் வழியும். பங்கில் நிறுத்தி எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகாதது இதனாலும் இருக்கும்.

எரி_ஏரிக்கரை எழுதியது:

ரசிகை சொல்வது சரி. டேம்பர் நகர்ந்திருந்தால் மேனுவல் எண்ணும் லைட்டும் இரண்டுமே உதவாது. கேஜ் அப்போதும் உண்மை சொல்லும் என்பது என் வாதம், அது இருக்கட்டும்.

பெட்ரோல் பற்றி ஒன்று. இப்போது பங்கில் வருவதில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது மென்மையாக்கி உள்ளிருந்து உரிக்கும். ஃபியூவல் பம்ப்புக்கு முன்னும் பின்னும் உள்ள ரப்பர் குழாய் எல்லாவற்றையும் 30ஆர்9 தர அடையாளம் போட்ட புதுக் குழாயாக மாற்றுங்கள். டாங்கிலிருந்து பம்ப் வரை உறிஞ்சும் பக்கம் சின்ன வெடிப்பு இருந்தால் வெளியே சொட்டாது, உள்ளே காற்றை இழுக்கும், அறிகுறி வேப்பர் லாக் (சூட்டில் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைப்பது) மாதிரியே இருக்கும்.

ஆயில் விஷயத்தில் இணையத்தில் பயமுறுத்துவார்கள். தட்டை டாப்பெட் (கேம் மேல் உருளை இல்லாமல் உரசி ஓடும் வகை) இன்ஜினுக்கு ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் வேண்டும் என்பது உண்மை. 2004ல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து சாதாரண கார் ஆயிலில் பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தார்கள், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடக் கூடாது என்பதற்காக. ஆனால் உங்களுடையது கம்பெனி வால்வு ஸ்பிரிங்கோடு உள்ள சாதா இன்ஜின், கேம் எப்போதோ பழகிவிட்டது. பழைய வண்டிக்கென்று விற்கும் 10டபிள்யூ-30 போதும். புதுக் கேம் போட்ட நாளில் மட்டும் மிகக் கவனம் தேவை.

நார்வுட்57 எழுதியது:

பார்த்துவிட்டேன். டேம்பர் ரப்பர் வைத்த வகைதான். நடுப்புள்ளிக்கும் குறிக்கும் நல்ல இடைவெளி. 4 டிகிரி என்று லைட் காட்டியபோது உண்மையில் பத்துக்கு மேல் அட்வான்ஸ் இருந்திருக்கிறது. புது டேம்பர் போட்டு, கவருக்குப் பொருந்தும் தகடு வாங்கி, டிடிசியை மறுபடி சோதித்து, ட்வெல் 30, அப்புறம் டைமிங் 4 என்று வைத்தேன். அதே மேட்டில் ஏறினேன், நாக்கிங் இல்லை. ஸ்டார்ட்டரும் தடையில்லாமல் சுற்றுகிறது.

ஹீட் ரைசரும் முக்கால்வாசி மூடி இறுகிக் கிடந்தது. துருநீக்கி தெளித்து ஊறவைத்து, மெல்லத் தட்டித் தட்டி ஆடவிட்டேன். இப்போது விரலால் தள்ளினால் திரும்புகிறது. பாதி வெயிலில் நிறுத்தி எடுத்தால் உடனே பற்றுகிறது. உச்சி வெயிலில் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, ஆனால் பேட்டரியைத் தின்பதில்லை.

இன்ஜின் 1957 இல்லை என்ற வருத்தமும் போய்விட்டது. என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு வேலை செய்வதே தனி சுகம். டயர், பிரேக் பற்றி யாரும் சொல்லவில்லையே?

பாயிண்ட்_காண்டென்சர் எழுதியது:

டயருக்கு 24 பவுண்டு என்பது 7.50-14 பயஸ் டயருக்கு, உள்ளே இழைகள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை. அந்த டயரின் பக்கச்சுவர் தானாகவே விறைப்பானது, குறைந்த காற்றில் மெத்தென்று ஓட வேண்டும் என்று வைத்த எண். பலரும் போடும் 205/75 ஆர்14 ரேடியல் உங்களிடம் இருந்தால் 24 ஆபத்து. ஓரம் தேயும், சூடேறும், வளைவில் வண்டி மிதக்கும். 30 முதல் 32 வையுங்கள், டயரில் எழுதிய உச்சத்தைத் தாண்டாமல். முன் சக்கர அலைன்மென்ட்டையும் ரேடியலுக்கு ஏற்ப வைக்கச் சொல்லுங்கள். மேனுவலின் கேஸ்டர் (ஸ்டீரிங் அச்சின் முன்பின் சாய்வு) அளவு பயஸ் டயருக்கும் பவர் ஸ்டீரிங் இல்லாத கைக்கும் வைத்தது. ரேடியலுக்குக் கொஞ்சம் கூடுதல் பாசிட்டிவ் கேஸ்டர் கொடுத்தால் நெடுஞ்சாலையில் நேராக ஓடும்.

பிரேக்தான் எனக்கு எப்போதும் கவலை. நான்கு சக்கரத்திலும் 11 அங்குல ட்ரம், அது குறையில்லை. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும் நான்கு சக்கரத்துப் பிரேக்கும் போய்விடும். இரட்டைச் சுற்று 1967ல்தான் வந்தது. வண்டியை எவ்வளவு ஒரிஜினலாக வைத்தாலும் இதை மட்டும் மாற்றுங்கள் என்றே எல்லோரிடமும் சொல்வேன். வீட்டில் குழந்தைகளை ஏற்றிப் போவீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். ட்ரம்முக்குத் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பு கிடையாது, பின்தகட்டுத் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி நீங்களேதான் வைக்க வேண்டும். பெடல் கீழே போகத் தொடங்கினால் முதலில் அதைப் பாருங்கள். டாட் 3 பிரேக் ஃப்ளூயிட் ஊற்றியிருக்கும் சிஸ்டத்தில் சிலிக்கான் ஃப்ளூயிடைக் கலக்காதீர்கள்.

முன் சஸ்பென்ஷன், ஸ்டீரிங் இணைப்புகளுக்கு 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் என்ற மேனுவல் எண்ணை நான் விடமாட்டேன். இன்றைய கிரீஸ் நல்லதுதான், ஆனால் உறைகள் அதே பழைய வடிவம், தண்ணீரும் தூசியும் உள்ளே போகும். பவர்கிளைடுக்கு அன்று சொன்ன டைப் ஏ திரவத்துக்குப் பதில் டெக்ஸ்ரான் ஊற்றலாம். சூடான பிறகு, நியூட்ரலில், இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு அளவைப் பாருங்கள்.

நார்வுட்57 எழுதியது:

இரட்டை மாஸ்டர் சிலிண்டர் ஆர்டர் போட்டுவிட்டேன். கடைசியாக ஒன்று: சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஜெனரேட்டர் விளக்கு மினுக்குகிறது, வேகம் எடுத்தால் அணைகிறது. டேம்பர் மாற்றும்போது வயர்களைக் கழற்றி மாட்டினேன். ஏதாவது கெட்டுவிட்டதா?

ஆறு_சிலிண்டர் எழுதியது:

ஐடிலில் மினுக்குவது ஜெனரேட்டருக்கு இயல்பு. ஆல்டர்னேட்டர் போல் அல்லாமல், மெதுவாகச் சுற்றும்போது அது போதிய மின்சாரம் தராது. வேகம் எடுத்ததும் அணைந்தால் சார்ஜ் ஆகிறது. ஆனால் வயரைக் கழற்றியிருப்பதால், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருமுறை போலரைஸ் செய்துவிடுங்கள், அதாவது ஜெனரேட்டரின் காந்தத் திசையைப் பேட்டரிக்கு ஒத்து வையுங்கள். ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு துண்டு வயரால் ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும், சின்னப் பொறி வரும். ஃபீல்டு முனையில் மட்டும் தொடாதீர்கள், ரெகுலேட்டரின் காண்டாக்ட் கருகிவிடும். ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தையும் பாருங்கள். டேம்பர் மாற்றிய பிறகு அது தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.